தறி ஓடும் வீட்டில் ஓர் அறை

காஞ்சிபுரத்துக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்களில் பலர் அன்றைக்கே திரும்பிவிடுகிறார்கள். சென்னையிலிருந்து 75 கிலோமீட்டர்தான் தூரம் என்பதால் காலையில் கைலாசநாதர், ஏகாம்பரநாதர், காமாட்சியம்மன், வரதராஜர் என்று சுற்றி, மதியம் பட்டுக்கடைக்குள் நுழைந்து, பொழுது சாய்வதற்குள் நெடுஞ்சாலையைப் பிடித்துவிடலாம். இப்படி வந்து போகிறவர்கள் செலவழிக்கும் பணம் வண்டிக்கும் ஓட்டலுக்கும் பெரிய கடைகளுக்கும் போகிறது. சேலையை நெய்தவர் வீட்டு வாசலை எட்டுவதில்லை. இதை மாற்றப் பெரிய முதலீடு தேவையில்லை. வீட்டுக்காரர் குடியிருக்கும் வீட்டிலேயே மாடியிலோ முன்பக்கத்திலோ சும்மா கிடக்கும் ஓரிரு அறைகளை, ஓரிரவு, ஈரிரவு தங்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடலாம். காஞ்சிக்கு அருகிலுள்ள திருப்பருத்திக்குன்றத்திலும் அதை ஒட்டிய நெசவுத் தெருக்களிலும் இந்த முறை வேரூன்ற வேண்டும்; அரசு அதற்கான வழியை எளிதாக்க வேண்டும். ஆனால் அந்த வாடகை தறி ஓடுவதற்குத் துணையாக வரவேண்டுமே தவிர, தறியின் இடத்தைப் பிடித்துக்கொள்ளக் கூடாது.

திருப்பருத்திக்குன்றத்தை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. வேகவதி ஆற்றங்கரையில் இருக்கும் இந்த ஊர்தான் சமணக் காஞ்சியான ஜினகாஞ்சி. இங்கே பல்லவர் காலத்துச் சந்திரபிரபர் கோயிலும், திரைலோக்கியநாதர் என்று வழங்கும் வர்த்தமானர் கோயிலும் அருகருகே இருக்கின்றன. வர்த்தமானர் கோயிலின் சங்கீத மண்டபத்தை 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் விஜயநகர அமைச்சர் இருகப்பர் கட்டினார். விதானம் நெடுக ரிஷபர், மகாவீரர், நேமிநாதர் ஆகியோரின் வரலாறுகளும் நேமிநாதரோடு சேர்ந்த கண்ணன் கதையும் ஓவியங்களாக விரிகின்றன. டி.என். இராமச்சந்திரன் 1934இல் இவ்வூர்க் கோயில்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். இத்தகைய ஓவியங்களை அரை மணி நேரத்தில் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கிளம்ப முடியாது. காலை வெளிச்சத்தில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை என்று நின்று பார்க்க வேண்டும். வந்தவாசி, ஆரணிப் பக்கத்துத் தமிழ்ச் சமணர்கள், ஓவியம் பயில்கிறவர்கள், கோயில் கட்டடக் கலையை ஆராய்கிறவர்கள் என்று இந்த ஊரில் தங்க விரும்பக்கூடியவர்கள் இருக்கிறார்கள். தறிச் சத்தம் கேட்கும் பிள்ளையார்பாளையமும் தொலைவில் இல்லை. கரையை இணைக்கும் கோர்வையும் முந்தானையை இணைக்கும் பெட்னியும் எப்படிப் போடுகிறார்கள் என்று நேரில் பார்த்தவருக்குச் சேலையின் விலை ஏன் அவ்வளவு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

நெசவாளர் பக்கம் பார்த்தால் தேவை இன்னும் வெளிப்படை. 2019–20இல் நடந்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாகவே ஈட்டின. பட்டு நெசவில் கூலி சற்றுக் கூடுதல் என்றாலும் அது ஒரே சீராக வருவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவில் பாவு நீட்ட முடியாது. குழித்தறியில் ஈரம் ஏறும். வேலை நின்றால் கூலியும் நின்றுபோகும். மழை ஓய்ந்து மார்கழி பிறக்கும்போது வெளியூர்க்காரர்கள் வரத் தொடங்குவார்கள். ஓர் அறைக்கு இரவுக்கு ஆயிரம் ரூபாய் என்று வைத்து, மாதத்தில் ஆறு இரவு ஆள் வந்தால் 6,000 ரூபாய். துவைப்பு, மின்சாரம், காலைச் சிற்றுண்டி என்று பாதி போனாலும் மூவாயிரம் கையில் நிற்கும். இதை நம்பித் தறியை விட்டுவிட முடியாது. ஆனால் மழை மாதத்துக் கடனை அடைக்கவோ, வேலையில்லாத வாரத்தில் முன்பணத்துக்காக முதலாளியிடம் கையேந்தாமல் இருக்கவோ இது போதும்.

முன்பின் தெரியாதவரை வீட்டுக்குள் எப்படி விடுவது என்ற கேள்வி எழும். பெண்கள் இருக்கும் வீடுகளில் இந்த அச்சம் நியாயமானது, அலட்சியப்படுத்தக் கூடாதது. பதிவு செய்து நடத்துவதுதான் இதற்குப் பதில். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ‘இன்கிரெடிபிள் இந்தியா பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட்’ திட்டம் ஒன்று முதல் ஆறு அறைகள் வரை, அதிகம் போனால் பன்னிரண்டு படுக்கைகள் வரை உள்ள வீடுகளுக்கானது. உரிமையாளர் குடும்பம் அதே வீட்டில் வசிக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை நிபந்தனை. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் ‘படிவம் சி’ வழியாக அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். அடையாளச் சான்று வாங்கி, பதிவேட்டில் எழுதி, உள்ளூர்க் காவல் நிலையம் அறிய நடத்தும் வீட்டில் ஆபத்து குறைவு. யாருக்கும் தெரியாமல் வாய்மொழியாக அறை விடுவதில்தான் ஆபத்து அதிகம்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. நெசவாளர்களில் பலர் தாங்களே வாடகை வீட்டில் இருப்பவர்கள். ஓரிரவு வாடகையில் பணம் அதிகம் என்று தெரிந்தால் வீட்டுக்காரர் அவர்களைக் காலி செய்யச் சொல்ல மாட்டாரா? இது வெறும் கற்பனை அல்ல. சுற்றுலாப் பயணிகளுக்கு விடும் வீடுகளால் குடியிருப்போருக்கு வாடகை கட்டுப்படியாகாமல் போன பார்சிலோனா நகரம், அப்படிப்பட்ட சுமார் பத்தாயிரம் வீடுகளின் உரிமத்தை 2028 நவம்பருக்குள் முடிவுக்குக் கொண்டுவரப் போவதாக 2024இல் அறிவித்தது. ஆனால் அங்கே பிரச்சினையானது முழு வீடுகள். நான் வேண்டுவது குடியிருக்கும் வீட்டின் மீதி அறை. உரிமையாளர் வசிக்காத வீட்டுக்கு அனுமதி இல்லை, தறி மேடைக்கு உரிய இடத்தை அறையாக மாற்றினால் அனுமதி ரத்து என்ற இரண்டு விதிகளையும் தொடக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். தறியைப் பிரித்துப் போட்டுவிட்டு அந்த இடத்தை வாடகைக்கு விட்டால், வந்தவர் பார்ப்பதற்கு அந்தத் தெருவில் எதுவும் மிஞ்சாது.

லாட்ஜுகள் போதாதா என்று கேட்பவர்கள் 2019ஐ நினைத்துப் பார்க்கலாம். ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை வரதராஜர் கோயிலில் அத்திவரதரைக் காண ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வந்தபோது தங்க இடமின்றி மக்கள் அலைந்தார்கள். அத்தகைய நாளுக்காக மட்டும் லாட்ஜ் கட்டினால் மற்ற நாளில் அது காலியாகக் கிடக்கும். ஏற்கெனவே இருக்கும் வீட்டு அறைக்கு அந்த இழப்பு இல்லை. கூடவே ஒன்றை வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். வீடு கேட்டு வருகிறவரிடம் சாதியும் மதமும் விசாரிக்கும் வழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. வீட்டில் என்ன சமைப்பது என்பது வீட்டுக்காரர் உரிமை. பிறப்பைப் பார்த்துக் கதவைச் சாத்துவது உரிமை ஆகாது. அப்படிச் செய்யும் வீட்டுக்கு அரசின் அனுமதிப் பலகை கூடாது.

இனி அரசு செய்ய வேண்டியது. கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் வரை மின்சாரம் இலவசம். ஓர் அறையை விட்டால் இந்தச் சலுகை போய்விடுமோ, வணிகக் கட்டணம் போட்டுவிடுவார்களோ, சொத்துவரி ஏறுமோ என்ற பயம்தான் பதிவு செய்யத் தயங்க வைக்கும். இரண்டு அறை வரை விடும் நெசவாளர் வீட்டுக்கு இவை எதுவும் மாறாது என்று அரசாணையில் தெளிவாகச் சொல்ல வேண்டும். வீட்டுத் தங்கல்களுக்கு முத்ரா கடன் தரப்படும் என்று 2025–26 மத்திய நிதிநிலை அறிக்கை அறிவித்தது. நல்ல கழிப்பறை கட்ட அந்தக் கடன் கைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகவே நெசவாளரைச் சேரட்டும். விண்ணப்பம் தமிழில், ஒரே அலுவலகத்தில், ஒரே பக்கத்தில் முடியட்டும். மாவட்ட நிர்வாகம் இருபது வீடுகளைக் கொண்டு அடுத்த மார்கழிக்குள் இதைத் தொடங்கிப் பார்க்க வேண்டும். காஞ்சிக்கு வருகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஒரு நாள் கூடுதலாகத் தங்குங்கள், தங்குவதற்குத் தறி ஓடும் வீட்டைத் தேர்ந்தெடுங்கள்.