கோயில் மேடையில் ஒரு மணி நேரம்

ராக் இசை மங்குகிறதா என்ற கேள்விக்கு அமெரிக்காவில் கணக்கு வைத்தே பதில் சொல்கிறார்கள். 2017-இல் ஹிப்ஹாப்பும் ஆர் அண்ட் பி-யும் சேர்ந்து ராக்கை முதலிடத்திலிருந்து இறக்கிவிட்டதாக நீல்சன் நிறுவனம் அறிவித்தது. மறு ஆண்டே கிட்டாருக்குப் பேர்போன கிப்சன் நிறுவனம் திவால் மனு போட்டது. 2023-இல் பீட்டில்ஸ் பாட்டு ஒன்று பிரிட்டனில் முதலிடம் பிடித்தது உண்மைதான். ஆனால் அதைப் பாடிய ஜான் லெனன் 1980-லேயே கொல்லப்பட்டவர். இந்தக் கணக்கை அப்படியே நம் ஊருக்குப் போட்டுப் பார்ப்பது தவறு. தமிழில் ராக்கை எந்த இசையும் தோற்கடிக்கவில்லை. சினிமா எடுத்துக்கொண்டது.

சென்னையில் நெமிசிஸ் அவென்யூ என்ற ராக் குழுவை நடத்தியவர் ஏ.ஆர். ரகுமான். ஷான் ரோல்டனும் அந்தோணிதாசனும் குழுக்களாகப் பாடிப் பெயரெடுத்த பிறகே திரைக்குப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல நியாயமில்லை, சோறு போட்டது சினிமாதான். ஆனால் குழு என்பது நாலைந்து பேர் ஆண்டுக்கணக்கில் ஒன்றாக இருந்து சொந்தப் பாட்டை உருவாக்குவது. அந்த அளவுகோலில் எனக்கு இன்று முக்கியமாகப் படுவது தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ். இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசைக்கலைஞர் டென்மாவும் 2018 சனவரியில் மேடையேற்றிய அந்தக் குழு, கானாவையும் பறையையும் ராப்பையும் ராக்கையும் ஒரே மேடையில் வைத்து, இடஒதுக்கீட்டையும் மாட்டுக்கறியையும் பற்றிப் பாடியது. சொல்ல அவசரமான ஒன்று இருந்தது. கிட்டார் அதற்குப் பயன்பட்டது. மேற்கு மலைக்கு அந்தப்பக்கம், அவியல் குழு 2008-லேயே மலையாளத்தில் முழு ராக் ஆல்பம் தந்து அந்த மொழியில் இது நிற்கும் என்று காட்டியது.

இனி இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் வருவோம். பங்குனியில் கோயில் கொடை என்றால் இன்னிசைக் கச்சேரி. லீட் கிட்டார், பேஸ், கீபோர்டு, டிரம்ஸ் எல்லாம் மேடையில் இருக்கின்றன. இளையராஜாவின் பேஸ் நடையைப் பிசகாமல் வாசிக்கத் தெரிந்த கைகள் அவை; அதற்கு மேல் ராக்குக்கு என்ன பயிற்சி வேண்டும்? விடியும்வரை உட்கார்ந்து கேட்கிற கூட்டமும் உண்டு. இல்லாதது சொந்தப் பாட்டு மட்டும்தான்.

தெரியாத பாட்டைப் பாடினால் கூட்டம் எழுந்து போய்விடும் என்பார்கள் விழாக் கமிட்டியினர். இதே தென்மாவட்ட மேடைகளில் விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனும் புஷ்பவனம் குப்புசாமியும் நாட்டுப்புறப் பாட்டை வைத்தே கூட்டத்தைக் கட்டிப்போட்டார்கள். நன்கொடை கொடுத்தவர்கள் கேட்பது சினிமாப் பாட்டுத்தானே என்பது இதைவிட வலுவான வாதம், அதை மறுக்க முடியாது. அதனால்தான் சொந்தப் பாட்டுக்கு முழு இரவையும் கேட்கவில்லை, ஒரு மணி நேரம் மட்டுமே கேட்கிறேன். ராக் அந்நிய இசை என்ற வாதம் மட்டும் எடுபடாது. வயலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்த பாலுசாமி தீட்சிதர், பக்கத்து எட்டயபுரத்து அரண்மனை வித்துவானாக இருந்தவர்.

விழாக் கமிட்டியினருக்கு ஒரு வேண்டுகோள்: வரும் பங்குனியில் கச்சேரிக்கு அச்சாரம் கொடுக்கும்போது, சொந்தப் பாட்டுப் பாடும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள். கூட்டம் குறையாத ஒன்பது மணிக்கே ஒதுக்குங்கள்.