தலைக்கு இவ்வளவு என்றால் வைத்தியம் மலிவாகுமா?

'கெப்பிட்டேஷன்' என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது, இந்தியத் தனியார் கல்லூரிகளில் இடம் பிடிக்கக் கொடுக்கும் நன்கொடைதான். சுகாதாரத் துறையில் இச்சொல்லின் பொருள் வேறு. தன்னிடம் பதிந்துள்ள ஒவ்வொருவருக்காகவும் வைத்தியருக்குக் கிடைக்கும் நிலையான தொகையே அது. பதிந்தவர் வருடத்தில் பத்துத் தடவை வந்தாலும், ஒரு தடவையும் வராவிட்டாலும் தொகை மாறாது.

நாம் பழகிய முறை இதற்கு நேர்மாறு. சனல் செய்யும் ஒவ்வொரு தடவையும் கட்டணம். பரிசோதனைக்குத் தனிக் கட்டணம். வருகை கூடினால் வைத்தியருக்கு வருமானம் கூடும்.

உதாரணமாக, ஒரு கடையில் 20 ஊழியர்கள். தலைக்கு மாதம் 500 ரூபா என முதலாளி ஒரு வைத்தியருடன் பேசிக்கொண்டால் செலவு 10,000 ரூபா. மூவர் வந்தால் வைத்தியருக்கு இலாபம். எல்லோரும் காய்ச்சலில் விழுந்தால் நட்டம். அதாவது, நட்ட அபாயம் முதலாளியின் கையிலிருந்து வைத்தியரின் கைக்கு மாறுகிறது.

இதில் நன்மை உண்டு. நோய் வராமல் தடுப்பதே வைத்தியருக்கும் இலாபமாகிறது. ஆனால் ஆபத்தும் அங்கேதான். நோயாளியைக் கவனிக்காமல் விட்டாலும் அதே பணம் வரும். அடிக்கடி வரும் நீரிழிவு நோயாளி வேண்டாதவராகி விடுவார்.

இம்முறையை நீண்டகாலம் கையாண்ட நாடுகள் இதை அறிந்தே வேலி போட்டுள்ளன. பிரித்தானியாவில் 1911ஆம் ஆண்டின் தேசிய காப்புறுதிச் சட்டத்தோடு வந்த இம்முறை, குடும்ப வைத்தியர்களிடம் இன்றும் உள்ளது. அங்கு முதியவர்களும் நோயாளிகளும் அதிகம் பதிந்துள்ள இடத்துக்குப் பணமும் அதிகம். பிடிக்காவிட்டால் வைத்தியரை மாற்றலாம். 2002இல் சகலருக்குமான சுகாதாரத் திட்டத்தைத் தொடங்கிய தாய்லாந்து, வெளிநோயாளர் சிகிச்சைக்குத் தலைக்கணக்கிலும், வார்டில் தங்கும் நோயாளருக்கு நோயின் வகைப்படியும் பணம் கொடுக்கிறது.

எனவே, ஊழியர்களுக்காக இப்படியோர் உடன்படிக்கை செய்ய நினைக்கும் முதலாளிமார் மூன்று விடயங்களைக் கேட்க வேண்டும். அத்தொகைக்குள் எவையெவை அடங்கும்? வயதானவருக்கும் நீண்டகால நோயாளிக்கும் தொகை கூடுமா? ஊழியர் விரும்பினால் வேறு வைத்தியரிடம் மாறலாமா?

தொகையை மட்டும் குறைத்துப் பேசி முடிப்பது கெட்டித்தனமல்ல. குறைத்த பணத்துக்கான நட்டத்தை வைத்தியர் சுமக்கமாட்டார். அது கடைசியில் நோயாளியின் தலையில்தான் விழும்.