அருவியும் கால் நோவும்

நமது கல்லூரி மாணவர் சிலர் ஆண்டுதோறும் கொல்லிமலைக்குச் சென்று ஆகாய கங்கையில் நீராடி மீள்வது வழக்கம். மீண்ட இரண்டாம் நாள் விடுதியில் ஒரு வேடிக்கையான காட்சியைக் காணலாம். மாடிப்படியில் இறங்குவோர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நண்டுபோற் பக்கவாட்டில் இறங்குவர். நாற்காலியில் அமர்வோர் முனகிக்கொண்டே அமர்வர். காரணம் யாதென வினவினால், "அருவி நீர் காலில் அடித்துவிட்டது, குளிர் நரம்பில் ஏறிவிட்டது" என்பர். இவ்விடை பிழையானது என்பதும், இப்பிழையால் நம்மவர்க்குத் தீங்கு விளைகின்றது என்பதும் நம் கருத்தாகும்.

வல்வில் ஓரி ஆண்ட மலை எனப் புகழ்பெற்ற கொல்லிமலை, நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து மேலேறினால் அறப்பளீசுவரர் கோயிலை அடையலாம். அக்கோயிலின் அருகே ஐயாறு ஏறக்குறைய 300 அடி உயரத்தினின்று வீழ்ந்து ஆகாய கங்கை எனப் பெயர் பெறுகின்றது. அருவியின் அடியை அடைய 1000க்கு மேற்பட்ட படிகளில் இறங்க வேண்டும். ஒரு படி அரையடி உயரம் எனக் கொண்டாலும், ஐம்பது மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியினின்று தரைக்கு இறங்கி, நீராடி, மீண்டும் உச்சிக்கு ஏறுவதற்கு அது சமமாகும் அன்றோ?

நிற்க. நீர் காலை வருத்தாது என்று நாம் கூறவில்லை. மோட்டார்ப் படகின் பின்னே கயிற்றைப் பற்றிக்கொண்டு, நீரின்மேற் பலகையில் நின்று சறுக்கிச் செல்லும் விளையாட்டொன்று உண்டு. 1922இல் அமெரிக்காவின் பெப்பின் ஏரியில் ரால்ப் சாமுவேல்சன் என்னும் இளைஞர் அதனைத் தொடங்கினார். இரு கால்களையும் ஒரே பலகையிற் பதித்து, மிதவைகளைச் சுற்றி வளைந்து செல்லும் வகையில், ஆடவர் போட்டியிற் படகின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டர் வரை உயரும். அவ்வேகத்திற் சிதறும் நீர் காலில் அறைந்தால் தோல் சிவந்து எரியும். காலை மூடும் ரப்பர் உடை அணிந்தால் அவ்வெரிச்சல் குறையும். ஆயினும் அது தோலின் நோவு. நீர் அடித்த அப்பொழுதே தோன்றுவது. அவ்விளையாட்டினர் மறுநாள் தொடையில் உணரும் ஆழ்ந்த நோவோ வேறு. அது கயிற்றின் இழுப்புக்கு எதிராகக் காலை மடக்கித் தாங்கி நின்றதனால் வருவது.

நம் மாணவர் படும் நோவும் இவ்விரண்டாம் வகையினதே. படியேறும்போது தொடைத் தசை சுருங்கி உடலை உயர்த்துகின்றது. இறங்கும்போதோ அதே தசை உடலின் பாரத்தைத் தாங்கிக்கொண்டே நீள வேண்டியிருக்கின்றது. பழக்கமில்லாத தசை இங்ஙனம் நீளுங்கால் அதன் நுண்ணிய இழைகள் சிதைவுறுகின்றன. இத்தகைய சிதைவே நோவுக்குக் காரணமாகலாம் என்று தியோடர் ஹஃப் என்பார் 1902இலேயே எழுதினார். தசையில் அமிலம் தேங்குவதால் வலிக்கின்றது என்பாரும் உளர். அவ்வமிலம் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் நீங்கிவிடும். நோவோ மறுநாள் தோன்றி, இரண்டாம் மூன்றாம் நாளில் முற்றி, ஒரு வாரத்தில் மறைவது. ஏறும்போது மூச்சு வாங்குவதால் ஏற்றத்தைப் பழிக்கின்றோம். குளித்தபின் கால் நடுங்குவதால் அருவியைப் பழிக்கின்றோம். உண்மையில் வினை இறக்கத்திலேயே முடிந்துவிடுகின்றது.

காரணம் எதுவாயின் என்ன என்று கேட்கலாம். அருவியே காரணம் என நம்புவோன் இறங்கும்போது எச்சரிக்கை கொள்வதில்லை. நாமும் ஒருமுறை அவ்வாறே படிகளில் ஓட்டப்பந்தயம் வைத்து இறங்கினோம். திரும்புகையில் நம்முள் ஒருவன் பாதி வழியில் முழங்கால் நடுங்கி, நீர்த்துளி படிந்த படியொன்றில் அமர்ந்துவிட்டான். மேலே நின்ற நாம் கைகொட்டி நகைத்தோம். அவன் எழ முயன்று சறுக்கியபோதுதான் நகைப்பு நின்றது. தெய்வாதீனமாக உள்ளங்கையில் மட்டுமே காயம். அன்று அவன் கால் தளர்ந்ததற்கு அவன் வலிமைக் குறைவு பாதி காரணம். நாம் வைத்த பந்தயம் மறுபாதி. அவனை நகைக்க நமக்கு என்ன உரிமை இருந்தது?

"இளமையிற் சிறிது வலியைப் பொறுத்தல் நன்றே" என்பார்க்கு நம் விடை இது: வலியைப் பொறுப்பது நன்று; அறியாமையால் அதனைப் பிறர்மேற் சுமத்துவது நன்றன்று. மலைவாழ் மக்கள் ஏற்ற இறக்கங்களில் நாள்தோறும் சுமையோடு நடக்கின்றனர். அவர்களைக் காப்பது பழக்கம். அப்பழக்கத்தை நாமும் ஓரளவு பெறலாம். பயணத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்னரே விடுதி மாடிப்படிகளில் நாளுக்கு நாள் சிறிது கூட்டி இறங்கிப் பழகுக. ஒருமுறை மிதமாக உழைத்த தசை, பின்னர்ச் சில வாரங்கள் வரை அதே உழைப்பால் அத்துணை நோவதில்லை.

மலையில் மெல்ல இறங்குக, இடையிடையே இளைப்பாறுக, ஈரப்படியிற் கைப்பிடியை விடாதொழிக. நோவு வந்துவிட்டால் படுத்தே கிடவாமல் மெல்ல நடத்தல் நன்று. குளிர்ந்த நீரில் நிற்பதும், எண்ணெய் தடவி மெல்லப் பிடித்துவிடுவதும் சிறிது ஆறுதல் தரும். ஆனால் சிறுநீர் தேயிலை நீர்போற் கறுத்தாலோ, கால் மிக வீங்கினாலோ, மூட்டு ஊன்ற முடியாது போனாலோ தாமதியாது மருத்துவரிடம் செல்க.

இறுதியாக, பயணத்தை நடத்தும் ஆசிரியர்களுக்கும் மூத்த மாணவர்களுக்கும் நம் விண்ணப்பம் ஒன்றுண்டு. படிகளிற் பந்தயத்தை அறவே நிறுத்துக. கூட்டத்தில் மிகவும் மெல்ல நடப்பவனையே முன்னே விட்டு, அவன் நடையையே அனைவர்க்கும் அளவாக்குக. அருவி நமக்காகக் காத்திருக்கும். பின்தங்கிய தோழனுக்காக நாம் காத்திருப்போமா என்பதே கேள்வி.