பொம்பிளைப் பிள்ளையளுக்கு ஏன் பொக்கெற்?

நெடுந்தூர நடைக்குப் பெண்கள் போடக்கூடிய உடுப்பு என்று இலங்கைக் கடைகளில் தேடினால் பெரும்பாலும் இரண்டுதான் கிடைக்கும். ஒன்று யோகா வகுப்புக்குப் போடுகிற லெகின்ஸ். மற்றது ஆம்பிளையளின்ர காற்சட்டையில சின்ன சைஸ். முதலாவது முள்ளில் பட்டால் கிழியும், மெல்லியதென்றால் அட்டை அதுக்கு மேலாலயே கடிக்கும். இரண்டாவது தொடையில் இறுக்கி, இடுப்பில் தொளதொளவென்று நிற்கும். பெண்ணின் உடம்பு ஆணின் உடம்பைச் சுருக்கி வைச்சது இல்லை எண்டதை வெட்டுற ஆக்களுக்கு ஆர் சொல்லுறது?

கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியிற பீக்கோ ட்ரெயில் 22 கட்டங்கள், 300 கிலோமீற்றருக்கு மேல. ஒரு நாளைக்கு ஒரு கட்டம் நடந்தாலே உடுப்பின் குறை எல்லாம் தோலில் எழுதப்பட்டுவிடும். பையின் இடுப்புப் பட்டிக்குக் கீழே தடிச்ச இலாஸ்ரிக் இருந்தால் பின்னேரத்துக்குள் தோல் உரிஞ்சிடும். ஜீன்ஸ் நனைந்தால் காலில் கல்லைக் கட்டினது மாதிரி. போன், காசு, அட்டைக்குப் பூச சவர்க்காரத் துண்டு, பாட், இதெல்லாம் வைக்க பொக்கெற் வேணும். எங்களுக்குக் கிடைப்பதோ பொக்கெற் மாதிரித் தைச்ச ஒரு கோடு.

கழிப்பறைக் கதையை ஆரும் எழுதுவதில்லை. தேயிலைக்குள் மறைவு தேடிக் குந்த வேண்டி வரும்போது, தொடை வரைக்கும் வருகிற, இரண்டு பக்கமும் வெட்டு விட்ட மேற்சட்டைதான் மானத்தைக் காப்பாற்றும். ஸ்போர்ட்ஸ் கடைகளில் அப்படி ஒன்றை நான் கண்டதில்லை. சல்வார் தைச்ச எங்கட அம்மாமாருக்கு இது எப்பவோ தெரியும்.

இன்னொன்றும் இருக்கு. இந்தப் பாதை வெறும் காடு இல்லை, லயங்களுக்கும் கோயில்களுக்கும் நடுவால போகுது. அரைக்காற்சட்டையோட ஒரு வெள்ளைக்காரப் பெண் போனால் "ஹலோ" சொல்லுவினம். அதே உடுப்போட நாங்கள் போனால் எந்த ஊர், ஆற்றை பிள்ளை, தனியவா வந்தனீ எண்டு விசாரணை. நடக்க ஆசைப்பட்ட பிள்ளையள் பலர் வீட்டில் நிற்கிறது கால் வலிக்குப் பயந்து இல்லை, இந்தக் கேள்வியளுக்குப் பயந்து.

அதே சரிவுகளில் கொழுந்து பறிக்கிற அக்காமார் ஒவ்வொரு நாளும் ஏறி இறங்குகினம். பாவாடைக்கு மேல முழுக்கை ஆம்பிளைச் சேர்ட், இடுப்பில் படங்கு. முள்ளுக்கும் ஈரத்துக்கும் அவர்களே கண்டுபிடிச்ச ஏற்பாடு அது. அதை "கலர்ஃபுல்" எண்டு படம் பிடிக்கிறவையில் எனக்குக் கோபம். நல்ல மழைச்சட்டை வாங்கக் கூலி போதாததால் வந்த உடுப்பும்தான் அது.

கட்டுநாயக்கா சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கினது 1978இல். வெளிநாட்டு மலையேற்ற நிறுவனங்களுக்கான உடுப்பும் இந்த நாட்டில் தைக்கப்படுது. தைக்கிறவர்களில் பெரும்பான்மை பெண்கள். சிப் வைத்த ஆழமான பொக்கெற்றை எப்படித் தைக்கிறது எண்டு அவர்களுக்குத் தெரியும். கப்பல் ஏறாமல் மிஞ்சினது எப்பவாவது புறக்கோட்டைப் பக்கம் வந்தாலும் கால் நீளம் ஐரோப்பியப் பெண்ணின் கால் நீளம்.

அதனால் நான் தையல்கடைக்குப் போறதைத்தான் சொல்லுவன். பள்ளிக்கூட ட்ரக் சூட் தைக்கிற, கெதியாக் காயிற துணி போதும். கவட்டில் ஒரு சாய்சதுரத் துண்டு வைக்கச் சொல்லுங்கோ, பெரிய கல்லில் கால் தூக்கி வைக்கும்போது அதன் அருமை தெரியும். கீழ்க்கால் அட்டைச் சொக்ஸுக்குள் அடங்கிற அளவுக்கு ஒடுக்கம். இரண்டு பக்கமும் கை மணிக்கட்டு வரை போகிற பொக்கெற்.

எனக்குத் தைச்ச அக்கா கடைசியாகச் சொன்னதற்குத்தான் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

"தங்கச்சி, பொக்கெற் வைச்சா இடுப்புப் பெருசாத் தெரியுமே?"

"தெரியட்டும் அக்கா."

பிறகு தனக்கும் ஒன்று அப்படியே வெட்டினா, சந்தைக்குப் போட.