பழைய கணிப்பொறியும் புதிய வேகமும்

கணிப்பொறி மந்தமாயிற்றென்று முறையிடாத மாணவர் நம்முள் அரியர். முறையீட்டின் முடிவும் பெரும்பாலும் ஒன்றே: புதியதொன்று வாங்கவேண்டும் என்பது. கோவில்பட்டியையும் அதனைச் சூழ்ந்த கரிசற்காட்டையும் தாயகமாகக் கொண்ட குடும்பங்களுக்கு இஃது எளிய காரியமன்று. வானத்தை நோக்கிப் பருத்தியும் உளுந்தும் விதைப்போரும், தீப்பெட்டி ஆபீசுகளிற் கூலிக்கு உழைப்போரும், முப்பதினாயிரம் நாற்பதினாயிரம் ரூபாய்க்குக் கடன்படாமல் யாது செய்வர்? அக்கடனைப் படுமுன், பழைய பொறியிலுள்ள ஹார்ட் டிஸ்க்கை நீக்கி எஸ்.எஸ்.டி. பொருத்திப் பார்த்தல் வேண்டும் என்பதே நமது துணிபு.

2011ஆம் ஆண்டு செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால், நம் கரிசற் கிராமங்களிலும் பல வீடுகளிற் கணிப்பொறி முதன்முதலாக நுழைந்தது. அவற்றுட் பல இன்று பரண்மேற் கிடக்கின்றன. மூளை பழுதுற்றதனாலன்று, கை தளர்ந்ததனால் என்னலாம். தொடக்க ஆண்டுகளில் வழங்கிய பொறிகளில் இருப்பது சுழலும் தட்டு. நிமிடத்திற்கு 5,400 முறை சுழலும் தட்டுக்கு ஒரு சுற்று முடியப் பதினொரு மில்லி விநாடி செல்லும். படிக்கும் முனை உரிய தடத்திற்கு நகரவும் ஏறக்குறைய அவ்வளவு காலம் வேண்டும். ஆகவே, இங்குமங்கும் சிதறிக்கிடக்கும் செய்திகளை விநாடிக்கு அறுபது முறை அளவிலேயே அஃது எடுத்தல் கூடும். கணிப்பொறி விழித்தெழுங்காலத்திலோ ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் வேண்டப்படுகின்றன. நாம் திரையை நோக்கிக் காத்திருப்பதன் இரகசியம் இதுவே.

எஸ்.எஸ்.டி.யிற் சுழல்வது யாதுமில்லை. டோஷிபா நிறுவனத்தைச் சார்ந்த புஜியோ மசுவோகா என்னும் ஜப்பானியர் 1980களிற் கண்ட பிளாஷ் நினைவகமே அதன் உயிர்நிலை. செய்தி ஆங்கே மின்னேற்றமாகச் சில்லில் தங்குகின்றது; அதனை எடுக்க ஒரு மில்லி விநாடியிற் பத்திலொரு பங்கு போதும். பெரியதொரு கோப்பை நேர்வரிசையிற் படிக்குங்கால் ஐந்து மடங்கு அளவே காணும் ஊதியம், சிதறிய சிறு கோப்புகளிடத்து நூறு மடங்கையுங் கடந்து விடுகின்றது. இரண்டு மூன்று நிமிடம் முனகிக்கொண்டிருந்த பொறி அரை நிமிடத்திற்குள் பணிக்கு ஆயத்தமாதல் இதனாலேயே.

ஆயினும், கடைக்காரர் கூறும் மடங்குகளை அவ்வண்ணமே நம்புதல் தகாது. வேலையில் ஒரு பகுதி மட்டும் விரைந்தால், மொத்த ஊதியத்தை விரையாத பகுதியே வரையறுக்கும் என்பதனை ஜீன் ஆம்டால் 1967இல் எடுத்துக்காட்டினார். நம் ஊராருக்கு இதனை விளக்க அமெரிக்கா செல்ல வேண்டுவதில்லை. தீப்பெட்டி ஆபீசில் மருந்து முக்குதலை எத்துணை விரைவாக்கினும், குச்சிகளைச் சட்டத்தில் அடுக்கும் பெண்டிரின் கைகள் பழைய வேகத்திலேயே இயங்குமாயின், மாலையில் எண்ணப்படும் பெட்டிகள் எத்துணை மிகும்? அதுபோலவே கணக்கீடும், வீடியோ தொகுத்தலும், கிராமத்து இணையத்தின் தளர்நடையும் எஸ்.எஸ்.டி.யால் திருந்தா. பின்வந்த என்.வி.எம்.இ. வகை அளவுகோலிற் பன்மடங்கு விரைந்ததாயினும், கட்டுரை தட்டச்சுவோனும் வலைத்தளம் பார்ப்போனும் சாதாரண சாட்டா வகையினின்று அதனை வேறுபிரித்தறிதல் அரிது. அதற்கெனப் பெரும்பொருள் செலவிடுவது வீண் ஆடம்பரம் என்போம்.

பழந்துருத்தியிற் புதுரசம் வார்ப்பதென்று இதனை நகைப்பாரும் உளர். அவர் கூற்றில் ஓரளவு உண்மையுண்டு. விண்டோஸ் 10க்குரிய பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. பழைய பொறிகளுட் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. ஆனால் லினக்ஸ் ஏற்கும்; நம் ஆய்வுக்கூடப் பயிற்சிகளுட் பெரும்பாலனவற்றிற்கு அதுவே சாலும். 2025 மார்ச்சு மாதத்து வரவு செலவுத் திட்டத்திற் கல்லூரி மாணவர் 20 இலட்சம் பேருக்குக் கருவிகள் வழங்கப்படுமென அரசு அறிவித்தது நன்றே. எனினும், அவை இருப்பதனாற் பள்ளிப் பருவத்துத் தம்பி தங்கையரின் தேவை தீர்ந்ததாகாது. பரண்மேலுள்ளது அவர்களுக்கு உதவட்டுமே. பழைய மாணவர் சங்கத்தார் புதுப்பொறி ஒன்றிற்கு அளிக்க எண்ணும் நன்கொடையைக் கொண்டு, பழைய பொறிகள் பலவற்றை எழுப்பலாம் என்பதையும் பணிவுடன் தெரிவிக்கின்றோம்.

ஓர் எச்சரிக்கை மட்டும் உண்டு. எஸ்.எஸ்.டி. பேருந்தின் குலுக்கலைத் தாங்கும். ஆனால் பழுதுறுங்கால் முன்னறிவிப்பின்றி ஊமையாவதுண்டு. எழுதியெழுதித் தேய்ந்ததை மின்சாரமின்றிச் சித்திரை வெயில் காயும் அறையில் நெடுங்காலம் இட்டுவைத்தால், செய்தி அழிதலும் கூடும். ஆதலின் கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை எறியற்க. அது நல்ல நிலையில் இருப்பின், சிறுவிலைக்குக் கிடைக்கும் யு.எஸ்.பி. உறையொன்றிலிட்டுத் திங்கள்தோறும் படியெடுத்து வைக்க அதுவே போதும். அவ்வேலைக்கு அதன் வேகம் குறையன்று.