மேய்ப்பரை அளக்கும் கோல்

திருச்சபைத் தலைவர் ஒருவரின் தகுதியை எதனைக் கொண்டு அளப்பது? பிரசங்கத்தின் இனிமையைக் கொண்டா? எழுப்பிய ஆலயத்தின் உயரத்தைக் கொண்டா? திரண்டு வரும் சபையின் தொகையைக் கொண்டா? நம்முள் அநேகர் இக்கோல்களைக் கொண்டே அளந்து வருகின்றோம். ஆயின் புனித பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். கண்காணிக்கு வேண்டிய இலட்சணங்களாக அங்கே அடுக்கப்பட்டுள்ளவற்றுள் போதிக்கும் திறமையும் ஒன்று; அவ்வளவே. மற்றவை பெரும்பாலும் ஒழுக்கத்தின்பாற்பட்டவை. பணத்தாசை இல்லாமை, பொறுமை, தன்னடக்கம், விருந்தோம்பல் என்று செல்லும் அவ்வரிசையின் இறுதியில், சபைக்குப் புறத்தே உள்ளவர்களிடத்தும் நற்பெயர் பெற்றிருத்தல் வேண்டும் என்பதும் சேர்க்கப்பட்டுள்ளது.

இந்த இறுதி இலட்சணம் நம் மட்டக்களப்பு நாட்டுக்கு மிகவும் பொருந்துவது. வாவிக் கரையோரம் கிறிஸ்தவர் சிறு தொகையினர். இந்துக்களும் இஸ்லாமியருமே அயலார். எனவே இங்கு ஊழியஞ் செய்யும் குருவானவரின் வாழ்க்கையை, அவருடைய பிரசங்கத்தை ஒருநாளும் கேட்டறியாத பலரும் நாள்தோறும் வாசிக்கின்றனர்.

அவ்வாறு வாசிக்கப்பட்ட ஒருவரை இங்கே நினைவுகூர விழைகின்றோம். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 1923ஆம் ஆண்டு பிறந்த யூஜின் ஜோன் ஹேபியர் அடிகளார், இயேசு சபைத் துறவியாக 1948இல் இலங்கைக்கு வந்தார். திருகோணமலையிலும் பின்னர் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் பணியாற்றினார். கூடைப்பந்தாட்டப் பயிற்சியாளராக அவரை அறிந்த மாணவர்கள் பலராவர். அவர்களுள் எல்லாச் சமயத்தவரும் இருந்தனர். பிற்காலத்தில் இளைஞர்களுக்குத் தொழில் பயிற்றும் நிலையமொன்றையும் அவர் நடத்தி வந்தார்.

நாட்டில் யுத்தம் மூண்டது. மட்டக்களப்புப் பிரஜைகள் குழுவின் தலைவராய் இருந்து மக்களுக்காகப் பேசிவந்த சந்திரா பெர்னாண்டோ அடிகளார் 1988 ஜூன் 6ஆந் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். மேய்ப்பர் என்ற பெயர் எத்துணை விலையுடையது என்பதை அந்நாளிலேயே எல்லோரும் அறிந்துகொண்டனர். ஹேபியர் அடிகளாரோ தாயகம் திரும்பவில்லை. மட்டக்களப்பிலேயே தங்கி, சமாதானக் குழுவிலும் பணியாற்றினார்.

1990 ஆகஸ்ட் மாதம் கிழக்கு மாகாணம் இரத்தத்தில் தோய்ந்தது. 12ஆந் திகதி விடியுமுன் ஏறாவூரில் நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம் மக்கள், பெண்களும் குழந்தைகளும் உட்பட, கொல்லப்பட்டனர். அந்நாட்களில் தமிழரும் கொல்லப்பட்டனர். அத்தகைய வேளையில், வாழைச்சேனையில் ஆபத்துக்குள்ளாகியிருந்த கன்னியாஸ்திரிகளுக்கு உதவும்பொருட்டு, அறுபத்தாறு வயதினரான அடிகளார் அங்கே சென்றார். ஆகஸ்ட் 15, தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று, தமிழ் இளைஞர் ஒருவருடன் ஸ்கூட்டரில் மட்டக்களப்பு நோக்கித் திரும்பினார். ஏறாவூரை அண்டிய பாதையில் இருவரும் காணாமற் போயினர். அவர்களுடைய உடல்கள் இன்றுவரை கிடைக்கவில்லை. எவரையும் சுட்டிக் குற்றங் கூறுதல் நம் நோக்கமன்று. அம்மண்ணில் எல்லா வீட்டிலும் அழுகுரல் எழுந்தது என்பதை நாம் மறப்பதற்கில்லை.

நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது வேறொன்று. அன்றைய பயணம் ஒரு நாளில் பிறந்த துணிவா? அன்று. நாற்பத்திரண்டு ஆண்டுகள் பிறர் பிள்ளைகளுக்காக நடந்து பழகிய கால்களே அன்றும் நடந்தன. ஓநாய் வருகையில் கூலியாள் ஓடிப்போவான் என்று ஆண்டவர் உரைத்தார். ஓநாய் கூலியாளை உண்டாக்குவதில்லை. முன்னரே கூலியாளாய் இருந்தவனைக் காட்டிக் கொடுக்கின்றது, அவ்வளவே.

எல்லா ஊழியரும் இத்தகைய பாதையிற் செல்ல அழைக்கப்படுவதில்லை. ஆனால் கணக்குப் புத்தகத்தின் முன்னே அழைக்கப்படாதவர் எவருமில்லை. செல்வர் வீட்டுக் கலியாணத்துக்கு விரைபவர், ஏழை வீட்டுச் சாவுக்கும் அவ்வாறே விரைகின்றாரா? கட்டிட நிதியின் ஒவ்வொரு ரூபாவுக்கும் சபையார் கேளாமலே கணக்குக் காட்டுகின்றாரா? தம் உறவினர் தவறு செய்தபோதும் அதே நீதியைப் பேசுகின்றாரா? முதிர்ந்த வயதில் சாமுவேல் தீர்க்கதரிசி சனங்களின் முன்னின்று, தாம் எவருடைய எருதையாவது கழுதையையாவது கவர்ந்ததுண்டோ, எவரிடமாவது கைக்கூலி வாங்கியதுண்டோ என்று வினவினார். இல்லை என்றே சனங்கள் சாட்சி பகர்ந்தனர். பதவியினின்று இறங்கும் நாளில் அவ்வாறு வினவத் துணிபவர் நம்முள் எத்தனை பேர்?

அன்பர்களே, இதில் நம் பங்கும் உண்டு. குருவானவரின் நாவன்மையையே புகழ்ந்து கொண்டிருந்தால், அவர் நாவையே தீட்டுவார். கணக்குக் கேட்பவரை விசுவாசமற்றவர் என்று நாம் ஒதுக்கினால், கள்ளத்துக்கு நாமே கதவு திறந்தவர்களாவோம். இந்த ஞாயிறு ஆராதனை முடிந்து வீடு திரும்புகையில், பிரசங்கம் எப்படி இருந்தது என்று மட்டும் பிள்ளைகளோடு பேசாதிருப்போமாக. நம் மேய்ப்பர் அயலாரிடத்தில் எத்தகைய பெயர் பெற்றிருக்கின்றார் என்பதையும் பேசுவோம். அதே கோலால் நம்மையும் அளந்து பார்ப்போம்.