அவரிடமும் துக்கம் விசாரிப்போம்

அன்பு வாசகர்களுக்கு,



சித்திரை பிறந்துவிட்டால் கூவாகம் படம் இல்லாமல் பேப்பர் வருவதில்லை. கள்ளக்குறிச்சி மாவட்டத்திலுள்ள அந்த ஊரின் கூத்தாண்டவர் கோயிலில் பூசாரி கையால் தாலி கட்டிக்கொண்டு, விடிய விடிய ஆடிப்பாடும் திருநங்கைகள், மறுநாள் தேர் களப்பலி நடக்கும் அழிகளத்துக்குப் போனதும் தாலியறுத்து, வளையல் உடைத்து, மாரடித்து அழுவார்கள். குளித்து, வெள்ளைப் புடவை உடுத்தி ஊர் திரும்புவார்கள். பாரதப் போரில் களப்பலியான அரவானுக்காக அந்த அழுகை. சாகப் போகிறவனைக் கட்டிக்கொள்ள எந்தப் பெண்ணும் முன்வராததால், கண்ணனே மோகினியாகி அவனுக்கு மனைவியானான், விடிந்ததும் விதவையானான் என்பது கதை.

அந்தக் காட்சியில் நமக்கு எந்தச் சங்கடமும் இல்லை. 'பாவம்' என்று உச்சுக்கொட்டுகிறோம். சிலருக்கு நிஜமாகவே கண் கலங்குகிறது. அங்கே சுற்றுக் கிராமத்து ஆண்களும் வேண்டுதலுக்காக அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்கிறார்கள்.

சரி, அந்தத் திருநங்கைகளில் ஒருவரோடு பத்து வருடம் குடித்தனம் நடத்திய மனிதர் திடீரென்று இறந்துபோனால்?

யாரோ ஒருவரை மனதில் வைத்து இதை எழுதவில்லை. கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள், போதும். நெஞ்சுவலி என்று ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அந்தத் திருநங்கைதான். கவுன்ட்டரில் முதல் கேள்வி, "பேஷன்ட்டுக்கு நீங்க யாரு?" மனைவி என்று சொன்னால் மேலும் கீழும் பார்ப்பார்கள். ஃப்ரெண்டு என்று சொன்னால் கையெழுத்து வாங்க மாட்டார்கள். "சொந்தக்காரங்க யாராவது இருந்தா வரச் சொல்லுங்க" என்பார்கள். அவரேதான் போன் போட்டுச் சொல்கிறார். அண்ணன் வருகிறார், சித்தப்பா வருகிறார். உயிர் போனதும் உடலை வாங்கிக்கொண்டு சொந்த ஊருக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். வேனில் அவருக்கு இடமில்லை. "அங்க வந்து பிரச்சினை பண்ணிடாதே" என்ற ஒரு வார்த்தை மட்டும் கிடைக்கிறது.

சாவு வீட்டில் நாம் யாரையும் தடுப்பதில்லை, கவனித்திருக்கிறீர்களா? இருபது வருடப் பகையாளிகூட மாலையோடு வந்தால் வழிவிடுகிறோம். கடன்காரர் வந்தாலும் நாற்காலி போடுகிறோம். கூடவே வாழ்ந்து, காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தவரைத் தெருமுனையிலேயே நிறுத்துவது எந்த ஊர் முறை?

கணவனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிப் புடவை வர வேண்டும் என்பது நம் பக்கத்து வழக்கம். பிறந்த வீடே வெளியே அனுப்பிவிட்ட ஒருவருக்கு அதை யார் கொண்டுவருவார்கள்? திருநங்கைகளின் குழுவான ஜமாத்தில் அவரை மகளாக ஏற்றுக்கொண்ட அம்மா வருவார், உடன் பழகிய அக்கா தங்கைகள் வருவார்கள். அவர்கள் மடியில்தான் அந்த அழுகை.

'விதவைச் சடங்கெல்லாம் ஒழிய வேண்டும் என்று சொல்கிற நீங்களா கோடிப் புடவைக்கு வக்காலத்து வாங்குவது?' என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. சடங்கு வேண்டாம் என்றே இன்றும் சொல்வேன். ஆனால் வேண்டாம் என்று மறுப்பதற்குக்கூட, 'இது உனக்கு உரியது' என்று முதலில் ஒருவர் நீட்ட வேண்டும் இல்லையா?

அழுகை ஒருபக்கம் என்றால் இன்னொரு பக்கம் காகிதங்கள். திருநங்கைக்கு வீடு கொடுக்க யோசிப்பார்கள் என்பதால் வாடகை ஒப்பந்தம் அந்த மனிதரின் பெயரில் இருக்கும். கேஸ் இணைப்பு அவர் பெயரில். சேமித்ததெல்லாம் அவர் கணக்கில். ஓடிபி வரும் செல்போனை அண்ணன் எடுத்துக்கொண்டு போயிருப்பார். தாசில்தார் அலுவலகத்தில் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழில் தாயின் பெயர் இருக்கும், இவர் பெயர் இருக்காது. ஒரே வாரத்தில் துணையும் போய், வீடும் போய், சேர்த்துவைத்த காசும் போய்விடும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். நம்மில் பலர் நினைப்பதைவிட அதிகமாகவே சொல்கிறது. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம், தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு (நால்சா) தொடுத்த வழக்கில், தன் பாலினம் எது என்று சொல்லும் உரிமை அவரவருக்கே உண்டு என்று தீர்ப்பளித்தது. 2018-இல் தூத்துக்குடியில் ஒரு கோயிலில் ஓர் இளைஞருக்கும் திருநங்கைக்கும் கல்யாணம் நடந்தது. அதைப் பதிவு செய்ய சார்பதிவாளர் மறுத்தார். வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனது. 2019 ஏப்ரலில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இந்து திருமணச் சட்டத்தில் 'மணமகள்' என்றிருப்பது திருநங்கையையும் சேர்த்துத்தான் என்று சொல்லி, பதிவு செய்ய உத்தரவிட்டார். தன்பாலினத் திருமணத்தை ஏற்காத உச்ச நீதிமன்றத்தின் 2023 அக்டோபர் தீர்ப்புகூட, ஓர் ஆணைத் திருநங்கை மணப்பதற்கு இப்போதுள்ள சட்டங்களே இடம் கொடுக்கின்றன என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

அதாவது, கல்யாணம் பதிவாகியிருந்தால் அவர் சட்டப்படி மனைவி. இந்து வாரிசுச் சட்டத்தில் தாய்க்கும் பிள்ளைகளுக்கும் சமமாக முதல் வகுப்பு வாரிசு. யாருடைய தயவும் வேண்டாம்.

ஆனால் எத்தனை பேர் பதிவு செய்கிறார்கள்? வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்ற பயத்தில் கல்யாணத்தையே ஒளித்து வாழ்கிறவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு இந்தத் தீர்ப்புகள் எட்டாத உயரத்தில் இருக்கின்றன. பால்புதுமையினர் (குயர்) துணைவர்கள் தொடர்பாக 2024-இல் மத்திய அரசு சில வழிகாட்டல்களை வெளியிட்டது. கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கலாம், துணையை நாமினியாகப் போடலாம் என்றது. நெருங்கிய உறவினர்கள் இல்லாதபோது உடலைத் துணை பெற்றுக்கொள்வது பற்றியும் மாநிலங்களுக்கு எழுதியது. நல்ல விஷயம்தான். ஆனால் 'உறவினர்கள் இல்லாதபோது' என்ற இடத்தில்தான் எனக்கு இடிக்கிறது. உயிரோடு இருந்தவரை எட்டிப் பார்க்காத உறவு, இறந்த அன்று எப்படியும் வந்துவிடுகிறதே!

இந்த இடத்தில், மகனைப் பறிகொடுத்த அந்தத் தாயைப் பற்றியும் பேச வேண்டும். இதைப் படிப்பவர்களில் பலர் அவர் வயதை ஒத்தவர்கள். அந்த அம்மாவைக் கல்நெஞ்சக்காரி என்று நான் சொல்ல மாட்டேன். மகன் யாரோடு வாழ்கிறான் என்று ஊருக்குத் தெரிந்தால் இளைய மகளுக்குச் சம்பந்தம் அமையாதே என்று பயந்தே காலத்தை ஓட்டியிருப்பார். மகன் போனில் பேசும்போது பின்னால் கேட்ட குரலைப் பற்றி ஒருநாளும் கேட்டிருக்க மாட்டார். இப்போது மகனும் இல்லை.

அவன் கடைசியாக என்ன சாப்பிட்டான், என்ன பேசினான், ராத்திரி தூங்கினானா என்று அந்தத் தாய்க்குச் சொல்ல ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறார். அவரைத்தான் தெருமுனையில் நிறுத்திவைத்திருக்கிறார்கள். மகனுக்குப் பிடித்த குழம்பை இத்தனை நாளும் வைத்துக் கொடுத்த கையைப் பிடித்துக்கொண்டு அழ, ஊர் வாய்க்குப் பயந்து அந்த அம்மாவால் முடியவில்லை. அப்படியானால் ஊர் வாய் என்பது யார்? நாம்தானே?

அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன். தீர்ப்பு எழுதுவது நீதிபதியின் வேலை. ஆனால் 'அவங்களும் வந்து உட்காரட்டும்' என்று சாவு வீட்டில் சொல்ல ஒரு பெரியம்மா போதும். அப்படி ஒருவர் சொல்லிவிட்டால் பிறகு யாரும் வாய் திறப்பதில்லை. நம் வீடுகளில் பெரியவர்களின் வார்த்தைக்கு இன்னும் அந்த மதிப்பு இருக்கிறது.

உங்கள் தெருவிலோ வேலையிடத்திலோ இப்படி ஒருவர் துணையை இழந்திருந்தால், சாதாரணமாகத் துக்கம் கேட்கப் போகிற மாதிரியே போய்விட்டு வாருங்கள். என்ன பேசுவது என்று தயங்க வேண்டாம். மற்ற வீடுகளில் என்ன கேட்போமோ அதுதான். "எப்படி ஆச்சு? சாப்பிட்டீங்களா? கூட யார் இருக்காங்க?" அவர்கள் உறவுக்கு என்ன பெயர் என்ற ஆராய்ச்சி அன்றைக்கு வேண்டாம்.

இதைப் படிக்கும் திருநங்கைத் தோழிகளுக்கும் அவர்களின் துணைவர்களுக்கும் ஒன்று. கல்யாணத்தைப் பதிவு செய்ய முடிந்தால் செய்துவிடுங்கள். இப்போதைக்கு முடியாது என்றால், வங்கிக் கணக்கில் நாமினி பெயரையாவது இந்த வாரமே போடுங்கள். உயில் எழுத முத்திரைத்தாள் தேவையில்லை. வெள்ளைத்தாளும் இரண்டு சாட்சிகளும் போதும். பதிவு செய்வது கட்டாயமில்லை என்றாலும், பின்னால் யாராவது தகராறு செய்தால் கைகொடுக்கும்.

கடைசியாக, வீட்டு ஓனர்களுக்கு ஒரு விண்ணப்பம். பதினாறாம் நாள்கூட ஆகாத நிலையில் துணையை இழந்தவரிடம் 'எப்போ காலி பண்றீங்க' என்று கேட்காதீர்கள். ஒழுங்காக வாடகை கொடுத்துவந்த குடும்பம்தான் அது. ஒப்பந்தத்தை அவர் பெயருக்கு மாற்றி எழுதிக் கொடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்